காகினின் தாஹிட்டியில் தரை ஏன் இளஞ்சிவப்பு?

பிரெஞ்சு ஓவியர் பால் காகின், பசிபிக் பெருங்கடலில் உள்ள தாஹிட்டித் தீவை வரைந்த நிலக்காட்சிகளைப் பார்த்துவிட்டு ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: தரை இளஞ்சிவப்பு, மலை ஊதா, நாய் சிவப்பு. அந்தத் தீவு உண்மையிலேயே இப்படித்தான் இருந்ததா, அல்லது அங்கே போய்ப் பார்க்க வழியில்லாத பாரிஸ்காரர்களிடம் விற்பதற்காக அவர் இட்டுக்கட்டினாரா? பழைய தாஹிட்டியை அறிய இந்த ஓவியங்களை நம்பலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது நிறத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி. ஓர் ஓவியன் தன் கண்முன் இருந்ததைத்தான் நமக்குக் காட்டினானா என்று அவர் கேட்கிறார். இந்த இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. நிறத்தைப் பொறுத்தவரை காகின் நாம் நினைப்பதைவிட உண்மைக்கு நெருக்கமானவர். எதை வரையாமல் விட்டார் என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் அவர் தீவைவிட்டு வெகுதூரம் விலகிப்போயிருப்பது தெரிகிறது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஓவியம் கற்பிப்பவன். நிலக்காட்சி வகுப்புகளைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறேன். காகினின் மூல ஓவியங்கள் சிலவற்றைப் பாரிஸிலும் சிகாகோவிலும் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தாஹிட்டிக்குப் போனதில்லை. ஆகவே வண்ணம், துணி, தூரிகை பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. தீவைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். காகின் 1891 ஏப்ரல் தொடக்கத்தில் மார்சேயில் கப்பலேறி, அதே ஆண்டு ஜூன் இரண்டாம் வாரத்தில் தாஹிட்டியின் தலைநகரான பப்பேட்டேயில் இறங்கினார். அப்போது அவருக்கு 43 வயது. பங்குச் சந்தை வேலையையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஏற்கெனவே பிரிந்திருந்தார். சில மாதங்களில் தலைநகரைவிட்டு, சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் தென்கரையில் உள்ள மத்தாயெயாவுக்குப் போய் ஒரு மூங்கில் வீட்டில் தங்கினார். 1893-இல் பிரான்ஸ் திரும்பினார். 1895-இல் மறுபடி தாஹிட்டி. 1901-இல் அங்கிருந்தும் கிளம்பி மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தின் ஹிவா ஓவாவுக்குப் போனார். 1903 மே 8 அன்று அங்கேயே இறந்தார். ஆக, ‘காகினின் தாஹிட்டி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு தீவுகளும், இடையில் அவர் பிரான்ஸில் இருந்த இரண்டு ஆண்டுகளும் கலந்துகிடக்கின்றன. எந்தப் படம் எங்கே, எப்போது தீட்டப்பட்டது என்று பாராமல் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர் அந்த ஓவியங்களைப் பெரும்பாலும் கைபேசித் திரையிலோ நாட்காட்டியிலோ பார்த்திருப்பார். அதனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அச்சும் திரையும் காகினுக்குப் பெரிய அநீதி செய்கின்றன. மூல ஓவியங்கள் அவ்வளவு கூச்சலிடுவதில்லை. காகின் வண்ணத்தை மெல்லியதாகப் பூசியவர். பளபளப்பு அவருக்குப் பிடிக்காது. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் சுண்ணாம்பும் பசையும் கலந்த அடிப்பூச்சின் மீது, சுவரோவியம் போல மங்கிய, உலர்ந்த பரப்பை விரும்பினார். 1888-இல் ஆர்ல் நகரில் வான்காவுடன் தங்கியிருந்தபோது இருவருமாகச் சொரசொரப்பான சணல் துணியில் வரைந்து பழகினார்கள். தீவுகளிலும் பல படங்களை அப்படிப்பட்ட முரட்டுத் துணியில்தான் தீட்டினார். துணியின் முடிச்சுகளுக்கு இடையே வண்ணம் முழுமையாக நிரம்பாமல் நிற்கும். அந்த இளஞ்சிவப்பு நேரில் பழுப்பும் சாம்பலும் கலந்து மூச்சுவிடுவதுபோல இருக்கும். திரையில் அது மிட்டாய் நிறமாகிவிடுகிறது. கண்காட்சியில் மூலத்தைப் பார்த்த மாணவர்கள் முதலில் ஏமாற்றமடைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு நகர மனமில்லாமல் நிற்பார்கள்.

சரி, அந்தத் தரை. தாஹிட்டி எரிமலைத் தீவு. அதன் உச்சியான ஓரோஹெனா 2,241 மீட்டர் உயரம். கறுத்த எரிமலைப் பாறை, வெப்பத்திலும் கனமழையிலும் காலங்காலமாகச் சிதைந்து, இரும்புச் சத்து மிகுந்த செம்பழுப்பு மண்ணாக மாறுகிறது. நம் ஊர்ச் செம்மண்ணும் இரும்பால் சிவந்ததே. அந்த மண்ணைச் சுற்றி வருடம் முழுவதும் ஈரம் உலராத பச்சை. பச்சைக்கு நடுவே இருக்கும் செம்பழுப்பு, கண்ணுக்குச் செம்பழுப்பாகவே நின்றுவிடாது. ஒரு நிறம் தன்னை அடுத்திருக்கும் நிறத்தைத் தனக்கு எதிரான திசையில் தள்ளும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839-இல் வெளியிட்ட நூலில் விளக்கமாக எழுதினார். அந்த நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர்களுக்கு அது பாலபாடமாகவே ஆகிவிட்டது. பச்சை தன் பக்கத்தில் இருப்பதைச் சிவப்பை நோக்கித் தள்ளுகிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் தோப்புக்குள் நின்று செம்மண்ணைப் பார்த்து, பார்த்த நிறத்தை மட்டும் தட்டில் குழைத்துக் காட்டச் சொல்லி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுண்டு. மண் என்றால் பழுப்பு என்ற எண்ணத்தை உதறிவிட்டு, கண் சொல்வதை மட்டும் கேட்பவர்கள் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் வந்து நிற்பார்கள். காகினின் தரை அங்கிருந்து ஓரடி தூரம்தான். அந்த ஓரடியை அவர் தயங்காமல் எடுத்துவைத்தார்.

தரையின் மீது நெளிநெளியாக மஞ்சளும் ஆரஞ்சும் ஓடும் வடிவங்களையும் பலர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 1892-இல் தீட்டிய ‘ஃபட்டாட்டா தே மிட்டி’ என்ற கடற்கரைப் படத்தில், இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது, முன்புறம் முழுக்க இப்படிப்பட்ட வடிவங்கள். காகின் தன் தாஹிட்டி நினைவுகளாக எழுதிய ‘நோவா நோவா’வில், கோடரியோடு நின்ற ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லும்போது, ஊதாச் சிவப்பு மண்ணில் உலோக மஞ்சள் நிறத்தில் பாம்புபோல் நெளிந்து கிடந்த நீண்ட இலைகளைக் குறிப்பிடுகிறார். உதிர்ந்து காய்ந்த நீள இலைகள்தான் அவை. அந்தக் கரையில் தென்னையும் தாழையும் வாழையும் எங்கும் வளர்கின்றன. காய்ந்த ஓலை சுருண்டு விழும் விதத்தைக் கண்டிருக்கிற நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. பாரிஸின் பார்வையாளனுக்கோ அது விளங்காத எழுத்தாகத் தோன்றியிருக்கும். காகினும் அந்த மயக்கத்தை ரசித்தார் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அந்த இலைகளில் அவர் ஏதோ ஒரு பழங்கால மொழியைப் படிக்க முயன்றார்.

செடிகொடிகள் விஷயத்தில் அவர் பொதுவாக நம்பத்தக்கவர். கறிப்பலாவின் ஆழமாகப் பிளந்த இலை, நீர்ப்பருத்தி மரத்தின் வளைந்து தாழ்ந்த கிளை, மாமரத்தின் அடர்த்தி ஆகியவற்றைப் படத்தில் பெயர் சொல்லிக் காட்டிவிடலாம். மலைகளும் அப்படியே. தாஹிட்டியில் மக்கள் வாழும் பகுதி கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை. மலை சட்டென்று எழுந்து வானத்தை மறைத்துவிடும். அவருடைய படங்களில் வானம் மேலே ஒரு கீற்றாக ஒதுங்கியிருப்பதற்கு ஜப்பானிய அச்சோவியங்களின் பாதிப்பைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் நிலத்தின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது, தாஹிட்டி தெற்கே 17 பாகையில். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும் அனுபவம் நமக்கு உண்டு. நீண்ட சாய்ந்த நிழல்களை வைத்துத்தான் ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியன் ஆழத்தைக் காட்டிவந்தான். அந்த நிழல்கள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பொருளும் தட்டையான வண்ணத் துண்டாக அடுத்தடுத்து நிற்கும். ‘நோவா நோவா’வில் காகினே இதைச் சொல்கிறார்: நிலக்காட்சியின் தூய, எரியும் வண்ணங்கள் கண்ணைக் கூசச் செய்தனவாம். கண்டபடியே வரைவது, கணக்குப் பார்க்காமல் ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் துணியில் வைப்பது எவ்வளவோ எளிதாக இருந்தும், ஐரோப்பியப் பழக்கம் தன்னைத் தயங்க வைத்ததாம்.

இதை வைத்து, தீவுதான் அவருக்கு நிறத்தைக் கற்றுக்கொடுத்தது என்று முடிவு கட்டினால் அது தவறு. அவர் அந்த நிறங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினார். 1888-இல் பிரான்ஸின் வடமேற்கு மூலையில், பிரிட்டனி வட்டாரத்தின் பொந்தவென்னில் அவர் தீட்டிய ‘பிரசங்கத்துக்குப் பின் தோன்றிய காட்சி’ எடின்பரோவில் இருக்கிறது. அதில் வயல் முழுவதும் கொழுந்துவிடும் செந்தூரச் சிவப்பு. குளிரும் தூறலுமான பிரிட்டனி மண் அப்படிச் சிவந்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தாஹிட்டி என்றவுடன்தான் நமக்கு அந்தக் கேள்வி எழுகிறது. அதே 1888 இலையுதிர்காலத்தில் செருஸியே என்ற இளம் ஓவியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மரங்கள் எப்படித் தெரிகின்றன, மஞ்சளாகவா, அப்படியானால் உன்னிடம் உள்ள சிறந்த மஞ்சளை வை, நிழல் நீலமாகத் தெரிகிறதா, தூய நீலத்தை வை என்று அவர் வழிநடத்தியதை ஓவியர் மோரிஸ் தெனி பதிவுசெய்திருக்கிறார். இயற்கையை அப்படியே நகலெடுக்காதே, அதன் முன் கனவுகண்டு அதிலிருந்து கலையைப் பிரித்தெடு என்று அதே ஆண்டு நண்பர் ஷுஃபெனெக்கருக்குக் கடிதமும் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, இந்தக் கொள்கைக்கு இடம் கொடுக்கும் ஒரு நிலம் அவருக்குக் கிடைத்தது. காகினை உருவாக்கியது தாஹிட்டி அல்ல. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குத் தாஹிட்டி சாட்சியாக அமைந்தது.

எங்கே அவர் நிலத்தை முற்றிலும் கைவிட்டார் என்பதையும் காட்ட முடியும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உள்ள ‘கடற்கரையில் குதிரைவீரர்கள்’ 1902-இல் ஹிவா ஓவாவில் தீட்டியது. மணல் ரோஜா நிறம், அலை ஓரத்தில் வெண்மை, குதிரைகள் கடலை நோக்கிச் செல்கின்றன. மிக அழகான படம். ஆனால் அவர் வாழ்ந்த அட்டுவோனாவின் கடற்கரை எரிமலைக் கருமணல். அதை ரோஜாவாக்க எந்த மாலை ஒளியாலும் முடியாது. குதிரைகளில் பந்தயத் திடலை வரைந்த தெகாவின் நினைவு இருக்கிறது என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதேபோல, சிகாகோவில் உள்ள ‘மஹானா நோ அட்டுவா’வை வெப்பமண்டலச் சொர்க்கத்தின் சின்னமாகவே உலகம் கொண்டாடுகிறது. முன்புறத்தில் ஒரு குளம், நீருக்குப் பதிலாக வண்ணத் தீவுகள் மிதக்கும் பரப்பு. அது 1894-இல் பிரான்ஸில் தீட்டப்பட்டது. அவர் கண்முன் அப்போது கடலும் இல்லை, தென்னையும் இல்லை. நீரில் எதிரொளிக்கும் நிறங்களைக் கவனித்து வரைந்ததாக யாராவது விளக்கினால் நம்பாதீர்கள்.

நாயைப் பற்றிக் கேட்டிருந்தார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள, 1892-இல் தீட்டிய ‘அரேயாரேயா’வின் இடது முன்மூலையில் வருவது அந்த நாய்தான். 1893 நவம்பரில் துரான்-ரூயெல் காட்சிக்கூடத்தில் இந்தப் படத்தை வைத்தபோது அன்றைய பாரிஸும் அந்த நாயைப் பார்த்துத்தான் நகைத்தது. ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு நாய், அதுவும் படத்தின் விளிம்பில். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் அந்த நிறம் இல்லாவிட்டால் படம் வலப்பக்கம் சரிந்துவிடும். செம்பழுப்பு நாய்கள் தீவில் இருந்திருக்கும், எந்த ஊரில்தான் இல்லை? பழுப்பைச் சிவப்பாக உயர்த்தியது படத்தின் தேவை. காகினுக்கு இந்தப் படத்தின் மீது எவ்வளவு பற்று என்றால், 1895-இல் அதைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆனால் அதே படத்தின் பின்னணியைப் பாருங்கள். சிலர் ஒரு பெரிய சிலையை வணங்குகிறார்கள். என்னைத் தொந்தரவு செய்வது நாயல்ல, இந்தச் சிலைதான். லண்டன் மிஷனரி சொசைட்டியின் பாதிரியார்கள் தாஹிட்டியில் இறங்கியது 1797-இல். 1815-க்குப் பிறகு பழைய வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டன, தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டன. காகின் வருவதற்கு முன்பே பல தலைமுறைகள் கிறிஸ்தவர்களாக வாழ்ந்து முடித்திருந்தன. படத்தில் உள்ளதைப் போன்ற பெருஞ்சிலையை அவர் அங்கே பார்த்திருக்கவே முடியாது. பாலினேசியாவின், அதாவது தாஹிட்டி உள்ளிட்ட பசிபிக் தீவுகளின், சிறிய சிலையொன்றைப் பெரிய புத்தர் அளவுக்கு வளர்த்து நிறுத்தியிருக்கிறார். பழங்கதைகளில் பெரும்பகுதியை அவர் ஊராரிடம் கேட்டு அறியவில்லை. மோரென்ஹூட் என்பவர் 1837-இல் வெளியிட்ட நூலைப் படித்து எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில் உள்ள ‘இயா ஒரானா மரியா’ என்ற 1891 ஓவியத்தில் இரண்டு பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். நம் கண்ணுக்கு அது மிகவும் பழக்கமான நிலை. காரணம், அந்த நிலை ஜாவாவின் போரோபுதூர் கோயிற் சிற்பங்களிலிருந்து வந்தது. அந்தச் சிற்பங்களின் புகைப்படங்களை அவர் பிரான்ஸிலிருந்தே எடுத்துச் சென்றிருந்தார். பின்னால் உள்ள மலையும் மரமும் தாஹிட்டி, வணங்கும் கைகள் ஜாவா, வணங்கப்படுபவர் மரியாள்.

அவர் விட்டுவிட்டவை இன்னும் முக்கியம். தாஹிட்டி 1842 முதல் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தது, 1880 முதல் நேரடிக் காலனி. பப்பேட்டேயில் இறங்கியதுமே அவருக்கு ஏற்பட்ட கசப்பு, தான் விட்டுவிட்டு வந்த ஐரோப்பாவே இங்கும் நிற்கிறது என்பதுதான். பெண்கள் மிஷனரிகள் கொண்டுவந்த கழுத்து முதல் கணுக்கால் வரையான தொள தொள அங்கியை அணிந்தார்கள். சில படங்களில் அந்த அங்கி வருகிறது, அதை மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் நிலக்காட்சியிலிருந்து தேவாலயமும் அலுவலகமும் கடையும் துறைமுகமும் ஏறக்குறைய முழுவதுமாகக் காணாமல் போகின்றன. அவர் தானே மீன்பிடித்தும் காய்கனி சேகரித்தும் வாழத் தெரியாமல், கடையில் டின் உணவு வாங்கிச் சாப்பிட்டவர். படத்தில் மட்டும் பழம் மரத்திலிருந்து நேராக மனிதர் கைக்கு வருகிறது.

இந்தப் பழக்கம் தாஹிட்டியில் தொடங்கவில்லை. 1887-இல் சார்ல் லாவால் என்ற நண்பரோடு பனாமா போய், அங்கிருந்து கரீபியக் கடலில் உள்ள மார்டினிக் தீவுக்கு வந்து, சான்-பியேர் நகருக்கு அருகே குடிசையில் சில மாதங்கள் இருந்தார். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் உடம்பை உருக்கிய காலம் அது. எடின்பரோவில் உள்ள ‘வெப்பமண்டலத் தாவரங்கள்’ அப்போது தீட்டியது. வளைகுடாவும், மேகத்தில் தலை மறைத்த பெலே எரிமலையும் தெரிகின்றன. அந்தத் தீவின் மிகப் பரபரப்பான துறைமுக நகரம் மட்டும் தெரியவில்லை, செடிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. (1902 மே 8 அன்று பெலே வெடித்து அந்த நகரத்தையே அழித்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் காகின் இறந்தார். வெறும் தற்செயல்தான், ஆனாலும் அந்தப் படத்தின் முன் இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.) மார்டினிக் அப்போது கரும்பால் வாழ்ந்த தீவு. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1848-இல், காகின் பிறந்த அதே ஆண்டில். அதன்பின் தோட்ட வேலைக்காக 1853 முதல் 1880-கள் வரை சுமார் 25,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். அவர்கள் எடுத்துச்சென்ற மாரியம்மன் வழிபாடு இன்றும் அந்தத் தீவில் உண்டு. காகின் அங்கே இருந்தபோது அவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, அவருடைய மார்டினிக் நிலக்காட்சிகளில் கரும்புத் தோட்டமும் ஆலையும் அந்த மக்களும் இல்லை. கூடை சுமந்த பெண்கள் நின்று பேசுகிறார்கள், மாம்பழம் பறிக்கிறார்கள். ஓவியர் வான்காவின் தம்பியும் ஓவிய வணிகருமான தியோ வான்கா 400 பிராங்குக்கு வாங்கிய ‘மாமரங்களில்’ என்ற படமும் அந்த வகைதான். உழைப்பின் களைப்பு அதில் எங்கும் தெரியாது. தமிழனாக அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அதன் வண்ணங்களை ரசிக்கவும் முடிகிறது, கோபப்படவும் முடிகிறது.

தாஹிட்டிப் படங்களின் அமைதியைப் பற்றியும் ஒன்று தோன்றுகிறது. இது என் ஊகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த நோய்களால் பாலினேசியத் தீவுகளின் மக்கள்தொகை நூறு ஆண்டுகளில் பெருமளவு சரிந்தது. எஞ்சியவர்கள் தேவாலயங்களைச் சுற்றிக் கரையோரமாகக் குடியேறினார்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெறிச்சோடின. காகின் அந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்து, காலத்துக்கு அப்பாற்பட்ட மௌனத்தைக் கண்டதாக நம்பினார். அவர் கண்ட மௌனத்தில் ஒரு பகுதியேனும் அண்மைக்காலச் சாவுகளின் விளைவாக இருக்க வேண்டும். ஆதிச் சொர்க்கம் என்று அவர் தீட்டியது உண்மையில் ஒரு பேரழிவுக்குப் பின்னான நிலம்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. 1893-இல் தீட்டிய ‘பாப்பே மோயே’ என்ற படத்தில் ஒருவர் மலையூற்றில் குனிந்து நீர் குடிக்கிறார். காட்டுக்குள் தனியாக நடந்தபோது நேரில் கண்ட காட்சியாக ‘நோவா நோவா’ இதை விவரிக்கிறது. ஆனால் அதே நிலையில் ஒருவர் நீர் குடிக்கும் புகைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. பப்பேட்டேயில் தொழில் நடத்திய சார்ல் ஸ்பிட்ஸ் எடுத்ததாகக் கருதப்படுவது. ஓவியம் புகைப்படத்தைப் பின்பற்றியது என்பது இரண்டையும் அருகருகே வைத்தாலே விளங்கும். காட்டு அனுபவம் நடக்கவே இல்லையா, நடந்ததற்குப் புகைப்படம் உருவம் கொடுத்ததா என்பதைப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இன்னொன்று, அவர் கடைசியாகத் தீட்டியது பனி மூடிய பிரிட்டனிக் கிராமம் என்ற கதை. வெப்பமண்டலத்தில் சாகும் ஓவியன் பனியை நினைத்து ஏங்கினான் என்று உருக்கமாகச் சொல்வார்கள். அந்தப் படம் அவருடைய உடைமைகளுக்கிடையே இருந்தது, எழுத்தாளர் செகலென் பப்பேட்டே ஏலத்தில் அதை வாங்கினார், இரண்டும் உறுதி. ஆனால் அது 1894-ஐ ஒட்டிப் பிரான்ஸில் தீட்டப்பட்டு உடன் எடுத்துச்செல்லப்பட்டது என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து. எனக்கும் தூரிகை வேலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி, விற்பதற்காக இட்டுக்கட்டினாரா என்ற பகுதி. வருமானம் வேண்டும் என்று அவர் நினைத்தார், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் விற்பனைதான் குறி என்றால் அவர் தோற்றுப்போனவர். 1893 கண்காட்சியில் வைத்த 44 படங்களில் விற்றவை 11. அந்த நிறங்களைத் தணித்திருந்தால் கூடுதலாக விற்றிருக்கும், அவர் தணிக்கவில்லை. 1900-இல் வோலார் என்ற வணிகர் மாதம் 300 பிராங்கு அனுப்ப ஒப்புக்கொண்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. அவர் பாரிஸுக்கு விற்றது நிறத்தை அல்ல, தொலைவை. இதை நண்பர் மோன்ஃப்ரெய் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். 1902-இல் நோயோடு போராடிய காகின் ஊர் திரும்ப விரும்பியபோது, வேண்டாம், கடல்களின் அந்தக் கோடியிலிருந்து படங்களை அனுப்பும் கதைமனிதராகவே நீங்கள் இருங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

தொலைவை விற்றதில் ஒரு பெண்குழந்தையின் வாழ்க்கையும் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. மத்தாயெயாவில் அவர் மனைவியாக வைத்துக்கொண்ட தேஹாமனாவுக்கு வயது சுமார் 13 என்று அவரே எழுதுகிறார். தீவில் அது வழக்கம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். காலனி அதிகாரம் என்ற குடையின் கீழ் வந்த 40 வயது கடந்த ஓர் ஐரோப்பியனுக்கு அந்த வழக்கம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. நிலக்காட்சியில் சிறு உருவமாக அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது இதையும் தெரிந்துவைத்துக்கொண்டு பாருங்கள். ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் பார்க்கக் கூடாது என்கிறேன்.

கேட்டவருக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஒரு வழி உண்டு. அமெரிக்க ஓவியர் ஜான் லா ஃபார்ஜ், வரலாற்றாசிரியர் ஹென்றி ஆடம்ஸோடு 1891-இன் முதல் மாதங்களை இதே தாஹிட்டியில் கழித்தார். காகின் வந்து சேர்வதற்குச் சில நாட்கள் முன்புதான் கிளம்பினார். அங்கே அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் பல அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் பார்க்கக் கிடைக்கின்றன. அதே ஆண்டு, அதே மலைகள், ஆனால் மேகம் தவழும் சாம்பல்பச்சையும் ஈரக்காற்றும். அவற்றுக்குப் பக்கத்தில் காகின் 1891-இல் தீட்டிய ‘தாஹிட்டித் தெரு’வை வையுங்கள், அது அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனத்த மேகமும் மலையும் சாலையும் உள்ள அந்தப் படம் லா ஃபார்ஜிடமிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை. அடுத்து ‘அரேயாரேயா’, அதற்கடுத்து 1902-இன் குதிரைவீரர்கள். இந்த வரிசையில் பார்த்தால் மண் எந்தப் படத்தில் செம்பழுப்பிலிருந்து ரோஜாவாகிறது, எந்தப் படத்தில் மண்ணையே விட்டுவிடுகிறது என்பது உங்கள் கண்ணுக்கே பிடிபடும். பழைய தாஹிட்டியின் மரங்களையும் மலைச்சரிவுகளையும் அறியக் காகினை ஓரளவு நம்பலாம். தெய்வங்களையும் கடற்கரைகளையும் மக்களின் அன்றாட வாழ்க்கையையும் அறிய, அந்தக் காலத்துப் புகைப்படங்களையும் தாஹிட்டியர்கள் தங்கள் தீவைப் பற்றித் தாங்களே எழுதியவற்றையும் தேடிப் படியுங்கள்.